பிள்ளை வராத நாளுக்குக் காசு உண்டா?

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இந்தக் கேள்வி வருவதில்லை. பத்துப் பிள்ளைகள் வந்தாலும் நாலு பிள்ளைகள் வந்தாலும் அங்கே வேலை செய்பவருக்குத் தோட்டம் சம்பளம் போடுகிறது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் பெண்களின் நிலைமை வேறு. டவுனில் கடைக்கும் கார்மெண்டுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார் பலர், பிள்ளைக்காம்பரா திறக்கும் முன்பே பஸ் பிடிக்க வேண்டியவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை லயத்தில் ஓர் அக்காவிடமோ அத்தையிடமோ விட்டுவிட்டுப் போகிறார்கள். மாதம் இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடிவாகிறது. முதல் மாதம் நன்றாகப் போகும். இரண்டாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆறு நாள் வராது. சம்பள நாளன்று பேச்சு தடிக்கும்.

“புள்ளதான் வரலையே அக்கா, பெறகு எதுக்கு அந்த ஆறு நாளுக்குக் காசு?”

“ஒம் புள்ளைக்காகத்தானே நான் வேற புள்ள எடுக்காம இருந்தேன்?”

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நாம் பரம்பரையாகப் பழகியது பேர்க் கணக்கு. மலைக்குப் போனால் பேர், போகாவிட்டால் பேர் இல்லை. அப்படி வளர்ந்த ஒருவருக்கு, பிள்ளை போகாத நாளுக்குக் காசு கொடுப்பது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் பிள்ளை பார்ப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் உள்ள வீட்டில் நாலு சின்னப் பிள்ளைகளுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க ஏலாது. அந்த நாலு இடத்தில் ஓர் இடத்தை உங்கள் பிள்ளைக்கு என்று ஒதுக்கிய பிறகு, ஆறு நாளைக்கு மட்டும் வேறு பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? நாலில் ஒரு பிள்ளை வராவிட்டாலும் அவர் வீட்டை விட்டு அசைய முடியாது. மற்ற மூன்று பிள்ளைகளுக்காக முழு நாளும் இருந்தே ஆகவேண்டும்.

ஆள் நிச்சயமாக வருவதற்கு ஒரு பெறுமதி உண்டு என்பது தோட்டத்துக்கும் தெரிந்த விஷயம்தான். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே 60 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கே அது கிடைத்தது. 2019 ஒப்பந்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் காசு போனதைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்பது நினைவிருக்கும். விடிய ஐந்தரைக்குக் கதவைத் தட்டினால் பிள்ளையை வாங்க ஓர் ஆள் கட்டாயம் இருப்பார் என்ற நிச்சயத்துக்கும் அதே போலப் பெறுமதி உண்டு. தாய் கொடுக்கும் காசில் பெரும் பங்கு அதற்குத்தான்.

ஆகவே மாதக் காசை முதலிலேயே இரண்டாகப் பிரித்துப் பேசுவது நல்லது. ஒன்று இடக்காசு, மற்றது சாப்பாட்டுக் காசு. கணக்குப் பார்க்க வசதியாக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு மாதம் 6,000 ரூபா, 25 நாள். அதில் 4,500 இடக்காசு, 1,500 சாப்பாடு. சாப்பாடு நாளுக்கு 60 ரூபா ஆகிறது. பிள்ளை வராத நாளில் அரிசியும் பருப்பும் மிச்சம், ஆகவே அந்த 60 ரூபாவைக் கழிக்கலாம். இடம் காத்திருக்கிறது, ஆகவே அதைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் உலை வைக்கும் முன்னே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். சோறு வெந்த பிறகு “இன்னைக்கு வராது” என்றால் அந்த 60 ரூபாவும் போனதுதான்.

இப்படிப் பிரிக்காமல், வந்த நாளுக்கு மட்டும் காசு என்று வைத்தால் என்ன நடக்கும்? நாளுக்கு 240 ரூபா. நாலு பிள்ளைகளும் ஒரு மாதத்தில் ஆளுக்கு ஐந்து நாள் வராவிட்டால், 24,000 வரவேண்டிய இடத்தில் 19,200தான் வரும். 4,800 ரூபா குறைகிறது. சாப்பாட்டை மட்டும் கழித்தால் குறைவது 1,200, கைக்கு வருவது 22,800. மழைக்காலத்தில் சளி, காய்ச்சல் என்று ஆளுக்கு ஐந்து நாள் நிற்பது சின்னப் பிள்ளைகளிடம் பெரிய விஷயம் இல்லை. வந்த நாள் கணக்கில் ஓடினால் அந்த மாதங்களில் பிள்ளை பார்ப்பவர் கடைக்கணக்கு ஏறி, பிறகு தொழிலையே விட்டுவிடுவார். தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் போடுகிறார்கள். வீட்டில் பிள்ளை பார்ப்பவருக்கு அப்படிப் போட யாரும் இல்லை. அவர் சேமிக்க வேண்டியதும் இந்தக் காசிலிருந்துதான்.

நோய் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். வராத நாளுக்கும் முழுக் காசு என்று கடுமையாக வைத்தால், “காசு குடுக்கத்தானே போறோம், கொண்டுபோய் விடு” என்று காய்ச்சல் பிள்ளையைத் துணியில் சுத்தி அனுப்புவார்கள். காசே இல்லை என்று வைத்தாலோ, பிள்ளை பார்ப்பவர் 240 ரூபாவை இழக்க மனமில்லாமல் இருமுகிற பிள்ளையையும் வாங்கி வைப்பார். இரண்டிலும் கஷ்டப்படுவது மற்ற மூன்று பிள்ளைகள். அம்மை போட்ட பிள்ளை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும் வரை மற்றப் பிள்ளைகளோடு சேரக்கூடாது. வயிற்றோட்டம், கண்நோய் இவற்றுக்கும் விலகி இருக்கத்தான் வேண்டும். பிள்ளையோடு வீட்டில் நிற்கும் தாய்க்கு அன்றைய பேரும் இல்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தாலே ஆறு நாளில் 8,100 ரூபா கையை விட்டுப் போகும்.

அதனால் நோய்க்கு மட்டும் அரைப் பேர் மாதிரி ஒரு வழி வைக்கலாம். முதல் மூன்று நாளும் இடக்காசு முழுசாக. நாலாம் நாளிலிருந்து பாதி. நமது கணக்கில் இடக்காசு நாளுக்கு 180, பாதி 90. ஆறு நாள் காய்ச்சலில் நின்ற பிள்ளைக்குச் சாப்பாடு 360, இடக்காசில் 270, ஆக 630 ரூபா கழியும். தாய் 5,370 கொடுப்பார். ஆறு நாளுக்கும் முழுசாகக் கழித்திருந்தால் 1,440 போயிருக்கும். 630 ரூபாவைப் பிள்ளை பார்ப்பவரும் தாங்கிக்கொள்ளலாம், தாயும் நோய்ப் பிள்ளையைத் தைரியமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் என்பதை இரண்டாகவும் வைக்கலாம், நாலாகவும் வைக்கலாம். எதுவானாலும் பிள்ளை நல்லாக இருக்கும்போதே பேசி வைக்க வேண்டும்.

தீபாவளி, தைப்பொங்கல், கோயில் திருவிழா நாட்களுக்குப் பெரிய விவாதம் தேவையில்லை. வருடத் தொடக்கத்திலேயே எந்தெந்த நாள் லீவு என்று எழுதிக்கொண்டால் போதும், அவற்றுக்குக் கழிவு இல்லை.

ஊருக்குப் போவது வேறு. ஒரு மாதம் இந்தியாவுக்குப் போகிறார்கள், அல்லது அடுத்த பிள்ளைக்காகத் தாய் 12 வாரப் பிரசவ லீவில் நிற்கிறார், மூத்த பிள்ளையையும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அப்போது சாப்பாட்டுக் காசு வேண்டாம், ஒரு மாதம் வரை பாதி இடக்காசு, அதாவது 2,250 கொடுத்து இடத்தைப் பிடித்து வைக்கலாம். அதற்கு மேல் போனால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கப் பிள்ளை பார்ப்பவருக்கு உரிமை உண்டு. திரும்பி வரும்போது இடம் இருந்தால் எடுப்பார், இல்லாவிட்டால் இல்லை. இதைக் கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஆனால் மூன்று மாதம் ஓர் இடத்தைச் சும்மா வைத்திரு என்று யாரையும் கேட்க முடியாது.

வேலை குறையும் மாதங்களில் தோட்டம் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுக்கிறது என்று வையுங்கள். அப்படியான குடும்பத்திடம் மாதக் காசு முழுசாகக் கேட்பது சரியில்லை. அவர்களோடு வாரம் மூன்று நாள் இடம் என்று தனியாகப் பேசி, எந்த மூன்று நாள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். மற்ற மூன்று நாளுக்கு இன்னொரு பிள்ளையை எடுக்கலாமே.

பிள்ளை பார்ப்பவரே வராத நாளும் உண்டு. அவருக்குக் காய்ச்சல், அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டது. அந்த நாளுக்கு இடக்காசும் சாப்பாடும் சேர்த்து 240 ரூபாவும் கழிய வேண்டும். இதில் அரைப் பேர் இல்லை. தனக்குப் பதிலாகத் தங்கச்சியை வைப்பதானால், தாய் அவரை முன்பே பார்த்துச் சம்மதித்திருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்ணைச் சரித்த நாட்களைப் போல யாருமே அசைய முடியாத காலம் வந்தால், இடக்காசைப் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்வதே பொருத்தம். இரண்டு வீட்டிலும் அப்போது வருமானம் இல்லை.

மிகவும் சங்கடமானது சொந்தக்காரர் விஷயம். நாத்தனார் பிள்ளையிடம் எப்படிக் காசு கேட்பது? கேட்கத்தான் வேண்டும். மனமிரங்கி விடுவதானாலும் முழுத் தொகையை எழுதி, பக்கத்தில் “இந்த மாதம் 500 விட்டது” என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் அது வழக்கமாகிவிடும்.

எழுதுவதற்கு ஒரு கொப்பி போதும். செக்ரோல் மாதிரி பிள்ளையின் பெயர், திகதி, வந்தது, வராதது, சொல்லி அனுப்பினார்களா என்று அன்றன்றே போட வேண்டும். பேர் விடுபட்டதற்காகக் கணக்கப்பிள்ளையோடு வாதாடிய அனுபவம் நமக்கு நிறைய உண்டு. மாதக் கடைசியில் நினைவை வைத்து எழுதும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். காசை ஒரே தடவையில் வாங்காமல் அட்வான்ஸ் போடும் நாளில் பாதி, சம்பள நாளில் பாதி என்று வாங்கினால் கொடுப்பவருக்கும் இலகு.

கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி எழுதலாம்: “மாதம் 6,000 ரூபா. இதில் இடக்காசு 4,500, சாப்பாடு 1,500. உலை வைக்கும் முன் சொன்னால் வராத நாளுக்கு 60 ரூபா கழியும். நோயில் நின்றால் நாலாம் நாளிலிருந்து இடக்காசு பாதி. நான் பார்க்காத நாளுக்கு 240 ரூபா கழியும். ஊருக்குப் போனால் ஒரு மாதம் வரை பாதி இடக்காசு. நிறுத்துவதானால் இரண்டு கிழமைக்கு முன் சொல்ல வேண்டும்.” கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றைக் கொண்டு சத்தமாக வாசித்துக் காட்டி, அதன் பிறகு கைநாட்டு வாங்குங்கள். அதே பக்கத்தை இன்னொரு தாளில் எழுதித் தாயிடமும் கொடுத்துவிடுங்கள்.