தூண்டிலில் சிக்கியது... எக்ஸ்எல் சைஸ் பனியன்!

திருப்பூர்க்காரர்களுக்கும் நொய்யலுக்கும் உள்ள உறவு ஒரு தினுசானது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடப்பார்கள். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டாலோ கதையே வேறு! வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ''கண்ணு, ஆறு போகுது பாரு... டாட்டா சொல்லு!'' என்று குழந்தைக்குக் காட்டுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குத் திருப்பூரில் பொட்டுத் தூறல்கூட இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். மழையெல்லாம் மேற்கே, வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில். அங்கே ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் சின்னாறு, பெரியாறு, நீலியாறு எல்லாம் சேர்ந்து நொய்யலாகிக் கிளம்பி, பேரூர், கோவை, சூலூர், சோமனூர் தாண்டி நம்ம ஊருக்கு வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு ரவுண்டு.

தண்ணீர் வந்தால் அடுத்தது என்ன? தூண்டில்தான்!

சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு கடைவீதியில் நரம்பும் முள்ளும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார்கள். பவர் டேபிள் டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பையன், லைன் வண்டி டிரைவர்... கூடவே பீகார், ஒடிசா பையன்களும். பிறந்ததிலிருந்து ஆற்று மீன் தின்று வளர்ந்தவர்களுக்குத் தூண்டிலைப் பிடிக்கச் சொல்லித் தரவேண்டுமா என்ன?

பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர் குரல் கொடுப்பார்: ''ஏனுங்ணா... ஏதாச்சும் சிக்குச்சுங்களா?''

''சிக்குச்சுங்க. ஒரு எக்ஸ்எல் சைஸ் பனியன், ரெண்டு அரை டிராயர். ஷிப்மெண்டு போட்டுரலாமுங்களா?''

ஜோக் இல்லை. வெள்ளத்தோடு வருவதில் பாதி குப்பைதான். ஆகாயத்தாமரை, சீமைக்கருவேல முள், தென்னை மட்டை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் கவர், பனியன் வேஸ்ட்... நூறு முறை தூண்டில் வீசினால் தொண்ணூறு முறை குப்பைதான் கடிக்கும். மிச்சம் பத்தில் மீன் எடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

சரி, எப்படிப் பிடிப்பது?

முதல் பாடம்: வெள்ளம் ஏறும்போது வீட்டில் இருங்கள். இறங்கும்போது வாருங்கள். தண்ணீர் ஏறும்போதுதான் கரையில் கிடந்த குப்பை கூளத்தையெல்லாம் வாரிக்கொண்டு வரும். மட்டம் குறைய ஆரம்பித்தால் குப்பையும் குறையும், மீனும் தலைகாட்டும்.

இரண்டாவது: நடு ஆற்றைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்த இழுப்பில் மீனுக்கும் நிற்க முடியாது. அதுவும் நம்மைப் போலத்தான், கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் ஓரமாக ஒதுங்கிவிடும். பாலத்துத் தூணுக்குப் பின்பக்கம், கரை வளைந்து திரும்பும் இடம், ஓடை வந்து சேரும் வாய், தடுப்பணைக்குக் கீழே ஓரமாகத் தேங்கும் பள்ளம்... இங்கேதான் இருக்கும். நுரையும் சருகும் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறதா? அங்கே இழுப்பு இல்லை என்று அர்த்தம். வேகத் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் உரசும் கோட்டில் தூண்டிலை இறக்குங்கள்.

மூன்றாவது: மைதா உருண்டையை மறந்துவிடுங்கள். இழுப்பில் கரைந்து போகும். கலங்கல் தண்ணீரில் மீன் கண்ணால் தேடாது, வாசனையால் தேடும். நாக்குப்பூச்சி, கோழிக்குடல்தான் சரி. கெளுத்திக்கு மீசை எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அழகுக்கு அல்ல. அந்த மீசையில் ருசி பார்க்கிற நரம்பு இருக்கிறது. நமக்கு நாக்கு வாய்க்குள்ளே... கெளுத்திக்கு மீசையிலும்!

நான்காவது திருப்பூருக்கென்றே உள்ள யோசனை. வெள்ளத்தில் தக்கை நிற்காது. ஈயக்குண்டு கட்டி அடியில் போடவேண்டும். அது எதிலாவது மாட்டிக்கொண்டால் முள், நரம்பு எல்லாம் போச்சு. அதனால் ஈயத்துக்குப் பதில் பழைய நட்டு, ஸ்பார்க் பிளக் ஏதாவது கட்டுங்கள். அதையும் நரம்பில் நேராகக் கட்டாமல் தையல் நூலால் தொங்கவிடுங்கள். மாட்டினால் நூல் மட்டும் அறும். நட்டு ஆற்றுக்கு, முள் உங்களுக்கு. நூலுக்குத் திருப்பூரிலா பஞ்சம்!

அப்புறம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நரம்பை இழுத்துப் பார்த்து குப்பையைக் கழற்றிவிடுங்கள். சருகு சுற்றிய தூண்டிலை எந்த மீனும் மதிக்காது.

கடைசியாக ஒன்று. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது அதில் நின்று தூண்டில் போடுகிற வீரம் வேண்டாம். பாசி வழுக்கும். மிதந்து வரும் குப்பையில் பாம்பும் சவாரி வரும். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் என்று நாம் சாதாரணமாகத் தாண்டிப் போகிற ஓடைகளே பெருகி உயிர்களைக் கொண்டு போனது ஊருக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கூத்து!

அமெரிக்காவில் வசந்த காலத்தில் பனி உருகி ஆறுகள் பொங்கும். மரக்கட்டையும் குப்பையுமாக ஓடும் அந்தத் தண்ணீரில் 'வால்ஐ', 'சாகர்' என்ற இரண்டு மீன்களுக்காக அங்கே ஆட்கள் தவம் கிடப்பார்கள். (நம்ம ஊர் வாளை வேறு, இது வேறு... குழப்பிக்கொள்ளாதீர்கள்!) பூனைக் கண் போல இருட்டில் மின்னும் கண் அவற்றுக்கு. கலங்கலிலும் இரை தெரியும். முட்டையிட எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும் நேரம் அது. அவர்களும் கரையோர ஒதுக்கு, கனமான குண்டு என்று இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

நம் ஊரிலும் புதுவெள்ளத்தில் மீன் ஏறும். தடுப்பணையில் துள்ளி விழுகிற மீனைத் துண்டு விரித்தே பிடித்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏறுகிற மீன் அநேகமாகச் சினை மீன். ஒன்றைப் பிடித்தால் ஒரு பட்டாளத்தையே பிடித்த மாதிரி. வயிறு உப்பின மீன் வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள். புண்ணியம் கிடைக்கும், அடுத்த வருஷம் மீனும் கிடைக்கும்.

இந்த மீன் எங்கிருந்து வந்தது?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். 'நொய்யல்ல மறுபடி மீன் வந்துருச்சு, ஆறு சுத்தமாயிருச்சு' என்று டீக்கடையில் பேசுகிறார்களே... அது நிஜமா?

நொய்யல் பட்ட பாடு ஊரறிந்தது. பனியனுக்கு நிறம் ஏற்றிய சாயத் தண்ணீர் ஆற்றுக்கும் நிறம் ஏற்றியது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைக்கும் என்று 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தார்கள். அது சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. 'தண்ணி திறந்து விடுங்க' என்று கேட்கவேண்டிய விவசாயி, 'சாமி, திறக்காதீங்க' என்று கையெடுத்துக் கும்பிட்ட அதிசயம் வேறெங்கே நடந்திருக்கிறது? வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து, கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் திறந்தன.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டுச் சாக்கடை இன்னும் ஆற்றுக்குத்தான் போகிறது. மழை நாளைச் சாக்கு வைத்துத் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் ஆற்றில் நுரை மலை மலையாகப் பொங்கியபோது, கோவைக்காரர்கள் சோப்புப் போட்டுக் குளித்ததுதான் காரணம் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன் விளக்கம் தந்தார். கோவைக்காரர்கள் அவ்வளவு சுத்தமானவர்கள் என்று அன்றைக்குத்தான் திருப்பூருக்குத் தெரிந்தது!

அப்படியானால் வெள்ளத்தில் சிக்கும் கட்லா, ரோகு? அவை விருந்தாளிகள். உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர், சாமளாபுரம் என்று நொய்யலை ஒட்டிய குளங்கள் நிரம்பி வழியும்போது, அங்கே விட்டு வளர்த்த மீன்கள் தப்பித்து வந்துவிடுகின்றன. விருந்தாளி வந்ததை வைத்து வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா? யார் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

வெள்ளம் வடிந்து, மாசி பங்குனியில் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும்போது தூண்டில் போட்டுப் பாருங்கள். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டுமே வந்தால் சந்தோஷப்படாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி, மூச்சுக்காற்று குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் கில்லாடி. தண்ணீரில் காற்றில்லை என்றால் மேலே வந்து நேராகவே மூச்சு வாங்கிக்கொள்ளும். கூட இருக்கும் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்க்கும். நம் நாட்டில் அதை வளர்க்கவே தடை. அது சிக்கினால் திரும்ப ஆற்றில் விடாதீர்கள். இந்த இரண்டும் சாக்கடையிலும் பிழைக்கும். ஆறு நலம் என்பதற்கு இவை சாட்சி இல்லை.

மணல் தரையில் அயிரை, பொடிக் கெண்டை, ஆரல், மஞ்சள் வயிற்று நாட்டுக் கெளுத்தி... இவை கோடையிலும் கூட்டமாக வந்தால், அப்போது மேளம் அடியுங்கள். ஆறு பிழைத்துக்கொண்டது!

குழம்பு வைக்கலாமா?

ஊருக்குள் ஓடும் ஆற்றில் பிடித்த மீனைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். இது யாரையும் பயமுறுத்த இல்லை. அடிச்சேற்றில் படிந்த உலோகம் மீனின் உடம்பில் சேரும். கொதிக்க வைத்தாலும் போகாது, புளி கூட ஊற்றினாலும் போகாது. அதிலும் சேற்றைக் கிளறித் தின்கிற மீனுக்கு ஆபத்து அதிகம். வாரச் சம்பளத்தில் மளிகை, வாடகை போக மீன் கடைப்பக்கம் போகவே யோசிக்கிற குடும்பத்துக்கு இந்த புத்தி எளிதாகச் சொல்கிற புத்திதான். சும்மா கிடைக்கிறதே என்று துணிப்பையில் போட்டுக்கொண்டு போகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் பயமில்லாமல் எடுத்துப் போகிற மாதிரி ஆற்றை வைத்திருக்காதது யார் என்றுதான் கேட்கவேண்டும். மாவட்டத்துக்கு ஒரு மீன்வளத்துறை இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை நொய்யல் மீனைச் சோதித்து, 'இந்த இடத்து மீன் சாப்பிடலாம், இந்த இடத்து மீன் வேண்டாம்' என்று பாலத்திலேயே தமிழிலும் இந்தியிலும் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தூண்டிலில் பனியன் சிக்கினால் சைஸைப் பாருங்கள். மீன் சிக்கினால்... முதலில் அதன் பெயரைப் பாருங்கள்!