புதிய சிமுலேட்டருக்கு மாறலாமா?

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்கும்: இருக்கிற சிமுலேட்டரிலேயே இருப்பதா, புதியதற்குப் போவதா? பம்பலப்பிட்டிக்காரருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் காலி வீதியில், யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்குள் எழும். "ரேம் கூட்டினால் போதுமா அண்ணே, கார்டும் மாத்த வேணுமா?" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகைக்குப் பதில் சொல்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2006 இல் வந்த மைக்ரோசொஃப்ட் எஃப்.எஸ்.எக்ஸ். இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அது 32 பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு ரேம் போட்டாலும் அதனால் 4 ஜி.பி.க்கு மேல் தொட முடியாது. நீண்ட பயணத்தின் முடிவில், தரையிறங்கும் நேரம் பார்த்து நினைவகம் தீர்ந்து மூடிக்கொள்வது அதனால்தான். அதே அடித்தளத்திலிருந்து லொக்ஹீட் மார்ட்டின் வளர்த்தெடுத்த பிரிப்பேர்3டி, 2017 இல் 64 பிட்டுக்கு மாறி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அதன் உரிமம் பயிற்சிக்கும் கல்விக்கும் உரியது, பொழுதுபோக்குக்கு அல்ல. ஒஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் 12 முழுமையாக வெளிவந்தது 2022 டிசம்பரில். மைக்ரோசொஃப்டுக்காக பிரான்சின் அசோபோ நிறுவனம் செய்த ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஓகஸ்ட் 18 அன்றும், அதன் அடுத்த பதிப்பான 2024, நவம்பர் 19 அன்றும் வந்தன.

எஃப்.எஸ்.எக்ஸில் இருப்பவருக்கு என் பதில் ஒரே சொல்: மாறுங்கள். கேள்வி உண்மையில் கனமாவது, 2020 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் 2024 ஐ வாங்குவதா என்ற இடத்தில்தான்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு படத்தின் அழகு அல்ல, தரவு எங்கே இருக்கிறது என்பதே. 2020 பதிப்பு விமானங்களையும் விமான நிலையங்களையும் உங்கள் எஸ்.எஸ்.டி.யில் இறக்கி வைக்கும். அதற்கு 150 ஜி.பி. இடம் கேட்டார்கள். செய்மதிப் படங்கள் போன்றவை இணையத்தில் வந்துகொண்டிருக்கும். 2024 அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டது. வட்டில் 50 ஜி.பி. போதும் என்கிறது. மீதியை, விமானத்தின் கொக்பிட் உட்பட, தேவைப்படும் நேரத்தில் மேகக் கணினியிலிருந்து இழுக்கிறது. வெளியான அன்றே இதன் பலவீனம் தெரிந்துவிட்டது. 200,000 பேரைப் பாவனை செய்து சோதித்திருந்த சேவையகம், உண்மையான கூட்டம் வந்ததும் திணறியது. பணம் கட்டியவர்கள் 97 சதவீதத்தில் நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசல் பின்னர் தணிந்தது, அமைப்பு மாறவில்லை. உங்கள் வீட்டு லைன் சரியில்லை என்றால் இந்த சிமுலேட்டர் சரியில்லை.

எவ்வளவு லைன் வேண்டும்? 2024 க்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 10 மெகாபிட், பரிந்துரைப்பது 50, சிறப்பாக ஓட 100. இதை டேட்டாவாக மாற்றிப் பாருங்கள். 10 மெகாபிட் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 4.5 ஜி.பி. 50 மெகாபிட் என்றால் 22.5 ஜி.பி. மாதம் 100 ஜி.பி. பக்கேஜ் வைத்திருப்பவருக்கு இரண்டாவது கணக்கில் நாலரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நல்ல வேளையாக அது எப்போதும் அந்த வேகத்தில் இழுப்பதில்லை. 35,000 அடியில் போகும்போது மிகக் குறைவாகவும், நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போது மிக அதிகமாகவும் இழுக்கும். ஏற்கெனவே பறந்த இடமானால் வட்டிலுள்ள ரோலிங் கேஷிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே விமானக் கம்பனிக்காரர் போல ஏ330 இல் நீண்ட தூரம் போகிறவரைவிட, செஸ்னாவில் கரையோரமாகச் சுற்றுகிறவருக்குத்தான் டேட்டா செலவு கூட.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் ஒரு லைனை வீடு முழுவதும் பகிர்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு, அம்மாவுக்கு கனடாவிலிருக்கும் அக்காவின் வட்ஸ்அப் அழைப்பு, நடுவில் நீங்கள் பறக்கிறீர்கள். அதனால் வேகத்தை அளப்பதானால் விடிய ஆறு மணிக்கு அளக்காதீர்கள். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் நேரம் இரவு எட்டு என்றால் எட்டு மணிக்கே, சிமுலேட்டர் இருக்கும் அறையில், வைஃபையிலும் கேபிளிலுமாக அளந்து பாருங்கள். இப்போதிருக்கும் 2020 இல் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதியின் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தால் சிமுலேட்டர் தின்ற அளவு தனியாகத் தெரியும். 2024 க்கு அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்க வேண்டும்.

அடுத்தது இயந்திரம். 2020 க்கு 16 ஜி.பி. ரேமைப் பரிந்துரைத்தவர்கள் 2024 க்கு 32 என்கிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டில் ஆர்.டி.எக்ஸ். 2080 தரமும் 8 ஜி.பி. வீடியோ நினைவகமும் பரிந்துரை. கார்ட் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யலாம், அதற்குக் காசு இல்லை. 2020 இன் ஜெனரல் ஒப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை இயக்குங்கள். மேலே தோன்றும் மெனுவில் எஃப்.பி.எஸ். காட்டும் வரியைத் தெரிவுசெய்தால் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் "லிமிட்டட் பை ஜி.பி.யு." என்று இருந்தால் கார்ட் திணறுகிறது, புதியது உதவும். "லிமிட்டட் பை மெயின்த்ரெட்" என்று இருந்தால் திணறுவது ப்ரொசசர். கார்டுக்குக் கொட்டும் பணம் அங்கே வீண். இரண்டு இடங்களில் நின்று பாருங்கள்: இரத்மலானையில் ஒருமுறை, லண்டன் ஹீத்ரோ போன்ற பெரிய நிலையத்தில் ஒருமுறை. பெரும்பாலும் இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லும்.

பணக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. 2024 இன் சாதாரண பதிப்பு 69.99 டொலருக்கு வெளிவந்தது. டொலரை 300 ரூபாயாக எடுத்தால் ஏறக்குறைய 21,000 ரூபாய். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 இலிருந்து 360 வரை போனதைப் பார்த்த நாட்டில், இறக்குமதிப் பொருளின் விலை நாளைக்கும் இதுவாகவே இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டோம். வற் வரியும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். எனவே சிமுலேட்டரின் விலையை மட்டும் பார்க்காமல் ரேம், கார்ட், மேலதிக டேட்டா மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் திரையில் ஏற்றம் நடக்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும். 2020 வெளியானபோது, மென்பொருளுக்குள்ளேயே மிச்சக் கோப்புகள் இறங்கிக்கொண்டிருந்ததில் பலருடைய 2 மணி நேரம் பறக்காமலே கரைந்தது.

ஏற்கெனவே வாங்கிய விமானங்கள் என்னவாகும்? எஃப்.எஸ்.எக்ஸுக்கு வாங்கியவை 2020 க்கோ 2024 க்கோ வராது. 2020 இலிருந்து 2024 க்குப் பெரும்பாலானவை வரும். மைக்ரோசொஃப்டின் சொந்தக் கடையில் வாங்கியவை உங்கள் கணக்கோடு வரும். வெளியே வாங்கியவற்றுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிபந்தனை வைத்திருப்பார்கள். நீங்கள் வாரந்தோறும் ஓட்டும் ஒன்றிரண்டு விமானங்களுக்கு மட்டும் அதைத் தேடிப் படித்தால் போதும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஓட்டும் ஏ320நியோ வகையை ஃபிளைபைவயர் குழு இலவசமாகவே தருகிறது. வட்சிம், இவாவோ போன்ற இணைய வான்போக்குவரத்து வலையமைப்புகளில் பறப்பவர்கள் எந்த சிமுலேட்டருக்குப் போனாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

எக்ஸ்-பிளேனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சூழ்நிலைக்கு அது பலமுறை பொருந்திவரும். இறக்கை, விசிறியலகுகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் படும் காற்றின் விசையைக் கணக்கிடும் முறையில் அது பறக்கிறது. நிலக்காட்சி முழுவதும் வட்டில் இருக்கும். நெட் விழுந்தாலும் பறப்பு விழாது. மெக்கிலும் லினக்ஸிலும் ஓடும். ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் பறக்கவிடும் இலவச டெமோ இருப்பதால், காசு கொடுக்காமலே உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். குறை காட்சியில்தான்: கொழும்பின் மேல் பறக்கும்போது வீதிகள் சரியான இடத்தில் இருக்கும், கட்டடங்கள் வேறு ஊருடையவை போல இருக்கும். இரத்மலானையில் விமானி பயிற்சிக்குப் போகும், போக நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீட்டில் பறக்கும் மணித்தியாலங்கள் உரிமத்துக்குக் கணக்கில் சேராது. ஆனால் செக்லிஸ்ட் கையில் பழகும், கருவிகளைப் பார்க்கும் ஒழுங்கு கண்ணில் பழகும்.

மாறுவதா என்று முடிவெடுக்க நான் நம்பும் பறப்பு ஒன்று உண்டு. இரத்மலானையில் கிளம்புங்கள். கடலோர ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வழியாகத் தாழப் பறந்து காலிமுகத்திடலைக் கடந்து, பிறகு உயர்ந்து பலாலிக்குப் போங்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கு, சென்னையிலிருந்து இண்டிகோ 2024 செப்டெம்பரில் ஏ.டி.ஆர். 72 கொண்டு சேவை தொடங்கியது. அதே விமானத்தை நீங்களும் எடுக்கலாம். இந்த ஒரே பறப்பில் தாழ்வான நகரக் காட்சி, நீண்ட பயணம், சிறிய ஓடுபாதையில் தரையிறக்கம் மூன்றும் வந்துவிடும். நண்பர் வீட்டில் 2024 இருந்தால் அங்கேயும், உங்கள் 2020 இலும் இதையே ஓட்டிப் பாருங்கள். ஊரின் படம் எவ்வளவு அழகு என்பதைவிட, பலாலியில் சக்கரம் தொடும் கணத்தில் திரை திக்குகிறதா என்று கவனியுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். ஃபைபர் லைன், அளவில்லா டேட்டா, 32 ஜி.பி. ரேம் மூன்றும் இருந்தால் 2024 க்குப் போகலாம். புதிய பதிப்பிலுள்ள கரியர் பகுதி, சரக்கேற்றல், மீட்புப் பணி என்று வேலை செய்து பறக்க விரும்புவோருக்கு அது பெரிய ஈர்ப்பு. 4ஜி ரவுட்டரில் மாதக் கணக்குப் பார்த்துப் பறப்பவர் 2020 இலேயே இருப்பது நல்லது, அல்லது எக்ஸ்-பிளேன் 12 இன் டெமோவை இறக்கிப் பார்ப்பது நல்லது. எதற்கு மாறினாலும் பழையதை உடனே அழிக்காதீர்கள். ஜொய்ஸ்டிக் அமைப்புகளைக் குறித்து வையுங்கள், இரண்டும் ஒரு மாதம் பக்கத்துப் பக்கமாக இருக்கட்டும். அந்த மாதத்தில் எதை அடிக்கடி திறந்தீர்கள் என்று பார்த்து மற்றதை நீக்குங்கள்.