ஊர் கூடி இழுக்கும் கணக்குத் தேர்

பூம்பாறை, மன்னவனூர் பூண்டு மூட்டை வடுகபட்டிக்கு இறங்கினாலும், தாண்டிக்குடி காப்பியும் மிளகும் சமவெளிக்கு வந்தாலும், இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் கணக்குதான். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலருக்கு இது தவிர்க்க முடியாததாகிவிட்டது.

ஆனால் வணிகப் பெருமக்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பேரேடு நம்முடையது, அதைத் திறக்கும் சாவி சாப்ட்வேர் விற்றவரிடம். அவர் கட்டணத்தை உயர்த்தினாலும், தொழிலையே மூடினாலும், நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மாற்று, திறந்த மூல மென்பொருள். அதன் உள்வேலையான மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கு வித்திட்டார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். நம் நாட்டிலேயே மும்பை ருஷப் மேத்தா தொடங்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருக்கிறது. குடும்பத்தின் பர்னிச்சர் தொழிலில் பட்ட அனுபவத்திலிருந்து பிறந்தது அது. கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாம் அதில் அடக்கம்.

"புரோகிராம் தெரிந்தவர்கள் வேலை, நமக்கென்ன?" என்று ஒதுங்க வேண்டாம். நாம் கொடுக்கக்கூடியவை உண்டு.

முதலாவது, சொல். 'ஸ்டாக்' என்பதை அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர் 'பங்கு' என்று எழுதிவிடலாம். நமக்கு அது 'இருப்பு'. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் தலைமுறையாக நம் கையில் புழங்கும் சொற்கள். அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தொழில் நுணுக்கம். பூண்டு காயக் காய எடை குறையும். நூறு கிலோ வாங்கியவர் நூறு கிலோ விற்க முடியாது. இந்தச் சேதாரத்தை எந்த இடத்தில் கழிப்பது என்பது நகரத்தில் நிரல் எழுதும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும்.

மூன்றாவது, குறை சொல்லும் முறை. "பில் சரியில்லை" என்றால் பயனில்லை. எந்தப் பக்கத்தில், எதை அழுத்தியபோது, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். அப்போது வாடிக்கையாளர் பெயரையும் வரி எண்ணையும் மறைத்துவிடுவது அவசியம். அனுப்பும் குறிப்பை உலகமே பார்க்கும்.

யார் அனுப்பும் திருத்தமும் அப்படியே ஏறிவிடாது. பொறுப்பாளர்கள் சோதித்துப் பார்த்தே சேர்ப்பார்கள். சேர்ந்துவிட்டால், மேல்மலைக்காரர் சொன்ன திருத்தம் எங்கோ தூரத்துக் கடைக்காரருக்கும் உதவும்.

உரிமம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். நிறுவுவதற்கும், கணக்கைப் பிரதி எடுத்துக் காப்பதற்கும், பழக்கிவிடுவதற்கும் ஆள் வேண்டும். தனி ஒருவருக்கு அது பாரம். சங்கமாகச் சேர்ந்து, கணினி படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை அமர்த்திக்கொண்டால் சுமை குறையும், பிள்ளைக்கும் பிழைப்பு.

பழனித் தேரைத் தனி ஒருவர் இழுப்பதில்லை. வடத்தில் ஆளுக்கொரு கை வைத்தால்தான் தேர் நகரும். கணக்குத் தேருக்கும் அதுதான் வழி. நம் கையையும் வைப்போம்.