பெட்டியைக் கட்டுமுன்

ஆங்கிலம் கற்பிக்கத் தாய்லாந்து செல்லும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும்

பிழைப்பிற்காகச் சொந்த ஊரைவிட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்தவர்கள் நாம். ஆகவே, "தாய்லாந்தில் ஓர் ஆண்டு ஆங்கிலம் கற்பிக்க அழைப்பு வந்திருக்கிறது" என்று பட்டம் பெற்ற மகள் சொல்லும்போது, தடுக்கவும் மனம் வருவதில்லை. அனுப்பவும் துணிவு பிறப்பதில்லை. பெற்றோரே, அந்நேரத்தில் வேண்டியது கலக்கம் அன்று, ஆயத்தமே.

அழைப்பு மெய்யானதா?

2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டனர். அவர்களில் தமிழரும் இருந்தனர். வேலைக்கு அழைப்பவர் எத்தகையவர் என்பதை அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியே சரிபார்க்கும்படி நம் வெளியுறவு அமைச்சகம் அப்போது எச்சரித்தது. முகவர் வழியாகச் செல்வோர், அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் காணலாம்.

பள்ளி அனுப்பும் கடிதங்களைக் கொண்டு, புறப்படுமுன்பே 'நான்-இமிகிரண்ட் பி' விசா பெறுவதே நேர்வழி. அங்குச் சேர்ந்தபின் வேலை அனுமதிச் சீட்டும், முறையான பள்ளிகளில் கற்பிக்கக் 'குருசபா' எனும் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். "முதலில் சுற்றுலாவாக வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவரின் சொல்லை நம்பலாகாது.

அந்நாட்டுக் கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பட்டச் சான்றிதழுக்கு அத்தாட்சி பெறவும், காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கவும் வாரக்கணக்கில் ஆகும். சனவரியிலேயே தொடங்குவது நல்லது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டுமே வேண்டும் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகளும் உண்டு. அதனால் சோர்வடைய வேண்டாம். நம் தகுதியைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். பல பள்ளிகள் நம்மவரிடம் டோயிக் தேர்வு மதிப்பெண் கேட்கின்றன. அதை முன்னதாக எழுதி வைப்பது உதவும்.

மொழி அறிந்தால் போதுமா?

ஆங்கிலம் பேசுவது வேறு, கற்பிப்பது வேறு. தாய் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறாது. பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி இல்லை. சொல்லின் ஈற்றில் 'ஸ்' ஒலி வராது. எனவே 'டூ கேட்ஸ்' என்பதற்குப் பதிலாக 'டூ கேட்' என்னும் சிறுவன் கவனமற்றவன் அல்லன். தன் மொழியின் வழியே நடக்கிறான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாய்த் தட்டுத்தடுமாறிக் கற்ற நமக்கு அவன் இடர்ப்பாடு புரியும். அதுவே நம் பலம். புறப்படுமுன் சில மாதங்கள் ஞாயிறு பள்ளியிலோ அண்டைவீட்டுப் பிள்ளைகளிடமோ கற்பித்துப் பழகுதல் நலம்.

பழக்கங்களில் ஜாக்கிரதை

குழந்தையின் தலையில் அன்பாய்க் கைவைப்பது நம் வழக்கம். அங்கோ தலை மிக மதிப்பிற்குரிய உறுப்பு. அதைத் தொடுவது மரியாதைக்குறைவு. பாதத்தைப் பிறரை நோக்கி நீட்டுவதும் அவ்வாறே. அரசரையும் அரச குடும்பத்தையும் இழித்துப் பேசுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வகுப்பறை பிரசங்க மேடை அன்று என்பதையும் மறவாதீர்கள். கற்பிப்பதற்காகவே விசா தரப்பட்டது. ஏற்றுக்கொண்ட பணியில் உண்மையாயிருப்பதே முதற்கடமை.

முதற்சம்பளம் மாத முடிவில்தான் வரும். அறை வாடகைக்கு முன்பணமும் கட்ட வேண்டும். இரண்டு மாதச் செலவுக்குரிய பணம் கையிருப்பில் இருக்கட்டும்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களையும், பாங்காக் இந்தியத் தூதரகத்தின் எண்ணையும் ஓர் உறையிலிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் பேசுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். அந்த உறையில் இட வேண்டிய தாள்களில் ஒன்றேனும் குறைந்தால், பயணத்தைத் தள்ளிவைக்கத் தயங்க வேண்டாம்.