சுங்கை சோவின் சின்ன கார்கள்

புக்கிட் செந்தோசாவிலிருந்து பழைய கூட்டரசு சாலையில் தெற்கே போனால், செரண்டாவைத் தாண்டி ரவாங்குக்கு முன்னால் வருவது சுங்கை சோ. பெரோடுவாவின் கார் ஆலைகள் அங்கேதான் இருக்கின்றன. அதே சாலையில் வடக்கே போய் மாநில எல்லையைக் கடந்தால் தஞ்சோங் மாலிம். அங்கே 2003-இல் திறந்த புரோட்டோன் ஆலை. ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் எழுந்த நம் புக்கிட் செந்தோசா, மலேசியாவின் இரண்டு தேசிய கார் நிறுவனங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. புரோட்டோன் தொடங்கியபோது கைகொடுத்தது ஜப்பானின் மிட்சுபிஷி. பெரோடுவாவுக்குக் கைகொடுத்தது டைஹட்சு. டொயோட்டா, ஹோண்டா அளவுக்கு நம் வாயில் புழங்காத பெயர் இது. ஆனால் பாசார் மாலாம் நடக்கும் தெருவில் நிற்கும் கார்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். கஞ்சில், கெலிசா, விவா, மைவி, ஆக்சியா என எல்லாவற்றின் உள்ளேயும் டைஹட்சுவின் மூளை இருக்கிறது.

அந்த மூளைக்கு வயது நூறுக்கு மேல். 1907-இல் ஒசாகா நகரில், அங்கிருந்த உயர் தொழில்நுட்பப் பள்ளியின் பேராசிரியர்களும் தொழில் முனைவோரும் சேர்ந்து ஹட்சுடோக்கி செய்ஸோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் நினைப்பில் கார் கிடையாது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த இயந்திரங்களை உள்ளூரிலேயே செய்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. முதலில் செய்தது 6 குதிரைத்திறன் கொண்ட ஒரு வாயு இயந்திரம். 1930-இல்தான் சக்கரம் வந்தது, அதுவும் மூன்றே மூன்று. டைஹட்சு என்ற பெயர் 1951-இல் வந்தது.

1957-இல் அவர்கள் விட்ட மிட்ஜெட் என்ற மூன்று சக்கர வண்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதன் இயந்திரம் 250 சிசி-கூட இல்லை. ஆனாலும் முதுகில் 300 கிலோ ஏற்றலாம். காய்கறிக் கடைக்காரரும் மதுக்கடைக்காரரும் சந்து பொந்துகளுக்குள் சரக்குக் கொண்டுபோக அதைத்தான் வாங்கினார்கள். அது கடல் தாண்டித் தாய்லாந்துக்கு வந்து துக்-துக் ஆனது, ஜகார்த்தாவுக்கு வந்து பேமோ ஆனது. பேங்காக் தெருவில் நம்மை உலுக்கி எடுக்கும் அந்த வண்டியின் மூதாதை ஒசாகாவில் பிறந்தது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜப்பானில் கேய் என்று ஒரு கார் வகை உண்டு. சட்டம் போட்டு அளவு குறித்த வகை அது. 1990-இல் இருந்த விதிப்படி நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், இயந்திரம் 660 சிசி. இதற்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கூடாது. இந்தக் கட்டத்துக்குள் அடங்கினால் வரி குறைவு. பல ஊர்களில் கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டவும் வேண்டாம். இன்றும் ஜப்பானில் விற்கும் புதிய கார்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கேய் கார்தான்.

நான்கு பேர் உட்கார வேண்டும், அவர்கள் முழங்கால் இடிக்கக் கூடாது, பின்னால் சாமான் வைக்க வேண்டும். இடமோ சட்டத்தில் எழுதியது எழுதியதுதான். ஆகவே பொறியாளர்கள் மனிதர்களை விட்டுவிட்டு இயந்திரத்தைச் சுருக்கினார்கள். அதைக் குறுக்காகத் திருப்பி முன்பக்கம் ஒடுக்கினார்கள். சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார்கள். பின்சக்கரத்தை இயந்திரம் சுழற்றவில்லை என்பதால் தரைக்கடியில் ஓடும் நீண்ட தண்டும் தேவையில்லை. தரை தட்டையாகி இடம் கூடியது. 1990-இல் வந்த டைஹட்சு மிரா இப்படிப் பிறந்த கார். நான்கு ஆண்டு கழித்து, 1994 ஆகஸ்டில், அதை அடிப்படையாகக் கொண்டு சுங்கை சோவிலிருந்து கஞ்சில் வெளியே வந்தது. பெரோடுவா தொடங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

கஞ்சிலின் முன்மூடியைத் திறந்தால் இயந்திரம் எங்கே என்று தேடத் தோன்றும். அதில் உருளைகள், அதாவது சிலிண்டர்கள், மூன்றுதான். கொள்ளளவு 659 சிசி. மூன்றால் வகுத்துப் பாருங்கள்: ஓர் உருளைக்கு ஏறக்குறைய 220 மில்லி லிட்டர், கடையில் தரும் ஒரு கிளாஸ் தே தாரிக் அளவு. அந்தக் கிளாஸ் அளவு இடத்துக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து நசுங்கி வெடிக்கின்றன. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, மூன்று உருளையிலும் சேர்த்து நொடிக்கு 75 வெடிப்பு. அந்த வேகத்திலேயே ஓடினால் ரவாங் வரைக்குமான இருபது நிமிடப் பயணத்தில் 90,000 வெடிப்புகள். அத்தனையும் நடந்து முடிந்தும் நமக்குக் கேட்பது ஒரு முனகல்தான்.

நான்கு உருளை வைத்தால் இன்னும் அமைதியாக ஓடுமே, ஏன் மூன்று? உருளை குறைந்தால் உரசும் பாகங்கள் குறையும். மொத்தக் கொள்ளளவு மாறாமல் இருக்கையில் ஒவ்வோர் உருளையும் சற்றுப் பெரிதாகும். அப்போது வெடிப்பின் சூடு சுவர் வழியே வீணாவதும் குறையும். இரண்டும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். பாகம் குறைந்தால் விலையும் இறங்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை நடுக்கம். மூன்று உந்துதண்டுகளும் (பிஸ்டன்களும்) ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழும் போகும்போது, மொத்தக் கணக்கில் மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் சமமாகிவிடும். ஆனால் இந்தக் கோடியில் உள்ளது ஏறும்போது அந்தக் கோடியில் உள்ளது இறங்குவதால், இயந்திரம் நீளவாக்கில் தலையாட்டப் பார்க்கும். இதை அடக்க ஒரு வழி சமனித்தண்டு. வேண்டுமென்றே ஒரு பக்கம் கனம் கூட்டிய ஒரு தண்டை, பட்டறையில் கிராங்க் என்று சொல்லும் வணரித்தண்டின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழல விடுவார்கள். ஒரு நடுக்கம் இன்னொரு நடுக்கத்தைத் தின்றுவிடும். 1977-இல் டைஹட்சு தன் ஷரேட் காரில் 993 சிசி மூன்று உருளை இயந்திரத்தை இப்படிச் சமனித்தண்டோடு கொண்டுவந்தது. ஒரு லிட்டர் வகுப்புக் காருக்கு நான்கு வீச்சில் ஓடும் மூன்று உருளை இயந்திரம் உலகில் அதுதான் முதல். ஃபோர்டு தன் பெயர்பெற்ற ஒரு லிட்டர் மூன்று உருளை இயந்திரத்தைக் கொண்டுவந்தது 2012-இல். நடுவில் 35 ஆண்டு இடைவெளி.

கஞ்சில் 2009 வரை ஓடியது. ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. அதுவரை மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, முன்னால் இன்னொரு பிள்ளை என்று போன குடும்பங்கள் பல முதன்முதலாக மழையில் நனையாமல் போனது அந்தக் காரில்தான். 2005-இல் மைவி வந்தது, அதுவும் டைஹட்சுவின் பூன் என்ற காரின் உடன்பிறப்பு. அடுத்த ஆண்டே பெரோடுவா விற்பனையில் புரோட்டோனை முந்தியது. அந்த முதலிடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. 2024-இல் விற்றவை 3,58,000-க்கும் மேல்.

அந்த எண்ணிக்கையை ஆலைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் தலை சுற்றும். ஆண்டுக்கு 250 வேலைநாள், நாளுக்குப் பதினாறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கை சோவில் 2014-இல் திறந்த புதியதையும் சேர்த்து ஆலைகள் இரண்டு. கணக்குப் போட்டால் ஓர் ஆலையில் ஏறக்குறைய எண்பது நொடிக்கு ஒரு கார் வெளியே வர வேண்டும். ஒரு காரைச் செய்ய எண்பது நொடி என்று இதற்குப் பொருள் இல்லை. செய்வதற்குப் பல மணி நேரம் ஆகும். வேலையை எண்பது எண்பது நொடித் துண்டுகளாக நறுக்கி வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஒருவர் கை ஒரு போல்ட்டை முடுக்கி முடிக்கும்போது அடுத்த கார் அவர் முன்னால் வந்து நிற்கும்.

இந்த வரிசையில் ஒரே ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். காரின் எலும்புக்கூடு மெல்லிய இரும்புத் தகடுகளால் ஆனது. இரண்டு தகடுகளை ஒட்ட வைத்து, இரு பக்கமும் செம்புமுனை வைத்து அழுத்தி, பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தை அரை நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சுவார்கள். வீட்டில் கெத்தல் இழுப்பது பத்து ஆம்பியர் என்று நினைவில் வையுங்கள். செம்பில் மின்சாரம் எளிதாக ஓடிவிடும். தகடும் தகடும் தொடும் இடத்தில்தான் அது தடுமாறும். அங்கேதான் சூடு பிறக்கும். ஒரு பொத்தான் அளவு இரும்பு உருகி, அடுத்த கணம் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சிறு பள்ளம் மட்டும் தெரியும். ஒரு காரில் இப்படிப்பட்ட பற்றுப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பலவற்றை ரோபோ கைகள் வைக்கின்றன.

பிறகு முழு எலும்புக்கூடும் சாயத் தொட்டிக்குள் முங்கும். காருக்கு மின்னூட்டம் கொடுத்திருப்பதால், நீரில் மிதக்கும் சாயத்துகள்கள் தாமாகவே அதைத் தேடி வந்து ஒட்டும். சாயம் படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும். உடனே துகள்கள் இன்னும் சாயம் படியாத மூலைக்குத் திரும்பும். கதவின் உள்மடிப்பு, கை நுழையாத பொந்து என எங்கும் ஒரே தடிப்பில் பூச்சு ஏறிவிடும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் நாட்டில் கார்கள் பல ஆண்டு துருவைத் தள்ளிப்போடுவதற்கு இந்த மின்படிவுப் பூச்சு ஒரு முக்கியக் காரணம்.

சின்ன கார் என்றால் பழைய தொழில்நுட்பம் என்று சிலர் நினைப்பதுண்டு. பெரோடுவா 2021-இல் அத்திவா காரில் கொண்டுவந்த தானியங்கிப் பல்லிணைப் பெட்டியை அவர்கள் திறந்து பார்க்க வேண்டும். பொதுவாக இந்த வகைப் பெட்டியில் ஓர் உலோகப் பட்டை இரு கப்பிகளுக்கு நடுவே ஓடும். கப்பி அகலக் குறுக, வேகம் படியில்லாமல் மாறும். ஆனால் அதிக வேகத்தில் பட்டையில் சக்தி வீணாகும். டைஹட்சு அங்கே ஒரு பல்சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தது. மெதுவாகப் போகும்போது பட்டை மட்டும் இழுக்கும். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் பாரத்தின் ஒரு பகுதி பல்சக்கரத்துக்கு மாறிவிடும். 2019-இல் டைஹட்சு ஜப்பானில் இதை வெளியிட்டபோது உலகில் வேறு யாரிடமும் இப்படியொரு பெட்டி இல்லை.

1967-இலிருந்து டைஹட்சுவின் கூட்டாளி டொயோட்டா. 2016-இல் டைஹட்சு முழுதாக அதன் கைக்குப் போனது. டொயோட்டா வழிவந்த ஆலைகளின் பெருமைகளில் ஒன்று, வேலையை நிறுத்தும் உரிமை. தவறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் வரிசை நிற்கும். டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா செய்த தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். அந்த எண்ணத்தின் பேரப்பிள்ளை இந்தக் கயிறு.

அப்படிப்பட்ட குடும்பத்துக்குள்தான் பெரிய தவறு நடந்தது. 2023 ஏப்ரலில் டைஹட்சு ஓர் உண்மையை வெளியிட்டது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களில் முன்கதவின் உட்பலகையைச் சற்று மாற்றியிருந்தார்கள். மோதும்போது அது கூரிய முனையோடு உடையாமல் இருக்கும்படி செய்த மாற்றம் அது. கடையில் விற்ற காரில் அந்த மாற்றம் இல்லை. அப்படி விற்றவை 88,000-க்கும் மேல். பெரும்பகுதி டொயோட்டா யாரிஸ் ஆட்டிவ், மீதியில் நம் ஆக்சியாவும் உண்டு. மறுசோதனையில் கதவு விதிமுறைக்குள் இருந்ததாக நிறுவனம் சொன்னது. ஆனால் இதை விசாரித்த தனிக்குழுவின் அறிக்கை டிசம்பரில் வந்தபோது தெரியவந்தவை 64 வகைக் கார்கள், 174 முறைகேடுகள், மிகப் பழையது 1989-ஐச் சேர்ந்தது. காற்றுப்பை சோதனையில், மோதலை உணர்ந்து பையைத் திறக்க வேண்டிய மின்னணுப் பெட்டிக்குப் பதிலாக ஒரு நேரக்கருவியை வைத்திருந்ததும் அதில் ஒன்று. டைஹட்சு தன் கார்களை அனுப்புவதை நிறுத்தியது. ஜப்பானிய ஆலைகள் அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்துதான் மெல்ல மெல்லத் திறந்தன.

காரணம் என்ன என்று குழு தேடியபோது கிடைத்தது காலக்கெடு. 2011-இல் வந்த மிரா இ:எஸ் என்ற காரை 17 மாதங்களில் உருவாக்கி வெற்றி பெற்றார்கள். பிறகு வந்த ஒவ்வொரு காருக்கும் அந்த வேகமே சட்டமானது. நீளம், அகலம், சிசி என்ற எல்லைகளுக்குள் அற்புதம் செய்து பழகியவர்கள், மாதங்களின் எல்லைக்குள்ளும் அதையே செய்யப் பார்த்தார்கள். சோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் கடைசியில் வருகிறவர்கள். தாமதம் எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. வரிசையை நிறுத்தத் தொழிலாளிக்குக் கயிறு கொடுத்த குடும்பத்தில், அவர்கள் கைக்கு ஒரு கயிறு இல்லை.

இது என்னை வருத்துவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது, உதிரிப்பாகம் என்ன விலை, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையெல்லாம் நாமே சோதித்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டாகச் சோதித்துத்தான் இந்த நற்பெயரைக் கொடுத்தோம். அதனால்தான் அறிக்கை வந்த மறு ஆண்டும் மலேசியர்கள் பெரோடுவாவை விட்டுப் போகவில்லை. ஆனால் காற்றுப்பை எப்படித் திறக்கும் என்பதை எந்தக் குடும்பமும் சோதித்துப் பார்க்க முடியாது. அதை நமக்காகப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒருவர் நேர்மையாக நிற்க வேண்டும்.

2024 மார்ச்சில் டொயோட்டாவிலிருந்து வந்த மசஹிரோ இனோவே டைஹட்சுவின் தலைவரானார். அவர்கள் வெளியிட்ட சீர்திருத்தத் திட்டத்தில், ஒரு காரை உருவாக்கும் காலத்தை முன்பிருந்ததைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்காக நீட்டுவது ஒரு முக்கியமான வரி. பத்து மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலைக்கு இனிமேல் பதினான்கு மாதம்.