பறக்காத விமானத்துக்கு பக்கா டிராயிங்: வரைந்த எல்லப்பா யார்?

தேர் மாதிரி கூம்பிப் போகும் ஒரு விமானம், உள்ளே அடுக்கடுக்காக அறைகள், ஓரத்தில் பாகங்களின் பெயர்கள். ‘நம்ம முன்னோர்கள் ஓட்டியது’ என்ற வரியோடு இந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அதன் வயது நூறு வருஷம் சொச்சம்தான். 1923-ல் வரைந்தவர் டி.கே.எல்லப்பா, பெங்களூரு பொறியியல் கல்லூரி ஒன்றின் டிராஃப்ட்ஸ்மேன்.

வரையச் சொன்னவர், ஓசூரை ஒட்டிய ஆனேக்கல்லின் சுப்பராய சாஸ்திரி. பரத்வாஜ முனிவர் தந்ததாக 1918 முதல் 1923 வரை அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட சமஸ்கிருத நூல்தான் ‘வைமானிக சாஸ்திரம்’. சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர என நான்கு விமானங்கள். எதுவும் கட்டப்படவில்லை.

அந்தக் காலத்தில் இது அதிசயமும் இல்லை. அமெரிக்காவின் நார்மன் பெல் கெடஸ் 1929-ல் ஒன்பது தளம், 20 இன்ஜின், 451 பயணிகள் என்று ஒரு விமானம் வரைந்தார். அதுவும் காகிதத்தோடு சரி. ஆனால், அதை யாரும் புராணம் ஆக்கவில்லை.

எல்லப்பாவின் படங்கள் பறக்குமா? கீரனூரில் பஸ் ஏறி திருச்சி போகும்போது, ஏர்போர்ட்டில் நிற்கும் விமானத்தைக் கவனியுங்கள். காற்றைக் கிழிக்க மெலிந்த உடல், காற்றே தூக்கிவிட அகன்ற இறக்கை. ருக்ம விமானமோ கோபுரத்தைக் கிளப்பும் முயற்சி.

1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முகுந்தா உள்ளிட்ட ஐவர் இதை முறையாக ஆராய்ந்தார்கள். நான்கில் ஒன்றும் பறக்காது என்பது முடிவு. மேலே விசிறி வைத்து, காற்றை உறிஞ்சி, குழாய் வழியாகக் கீழே தள்ளும் ருக்மவின் யோசனையில் மட்டும் கொஞ்சம் அர்த்தம் இருந்ததாம். நூலின் நடை புதுசு, 1904-க்கு முந்தையதாக இருக்க முடியாது என்றும் சொன்னார்கள். இன்னொன்று: சுலோகத்துக்கும் படத்துக்கும் பொருத்தமே இல்லை. படத்தில் தெரிவது நவீன இயந்திர அறிவு. எல்லப்பா கல்லூரியில் பழகிய சரக்கு அது.

பாவம், மனிதர் தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார். படம் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால்தான் இன்றும் நம்புகிறோம். 2015-ல் மும்பை அறிவியல் மாநாடு வரைக்கும் இந்த நூல் போய்விட்டது.

அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால் ஜூம் பண்ணுங்க. ஓரம் வெட்டாத பிரதி என்றால், எல்லப்பா பெயர், பெங்களூரு, 1923 எல்லாம் படத்திலேயே இருக்கும்.