பழைய ஸ்கோரை நம்பி 4 மேட்ச் சேர்த்து பந்தயம்... கையில் நிற்குமா காசு?

புதுச்சேரி:

ஐ.பி.எல். வந்துவிட்டால் போதும். புதுவை டீக்கடைகளில் பால் கணக்கை விட ரன் கணக்குதான் அதிகம் ஓடும். "சேப்பாக்கத்துல சென்னை தோக்காதுப்பா" என்று பல வருஷத்து ஸ்கோரை ஒப்பிப்பார்கள். பேச்சோடு நின்றால் தப்பில்லை. அதை நம்பி செல்போனில் பணம் கட்டும்போதுதான் வீட்டு அரிசி காசு போகிறது.

'மல்டி' என்றால் என்ன?

ஒரு மேட்சுக்கு மட்டும் கட்டாமல் 3, 4 மேட்சை ஒன்றாக கோர்த்து கட்டுவதுதான் 'மல்டி'. கிண்டி குதிரை பந்தயத்தில் அடுத்தடுத்த ரேசில் ஜெயிக்கும் குதிரைகளை சொல்லி ஆடிய 'ஜாக்பாட்' மாதிரிதான். எல்லாம் சரியாக வந்தால் பெரிய தொகை. ஒன்று தப்பினாலும் மொத்தமும் காலி.

கணக்கை பாருங்க

சரிக்கு சரி பலமுள்ள 2 அணிகள். நியாயப்படி 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 200 தர வேண்டும். பந்தயம் நடத்துபவர் 190 தருவதாக வைத்துக்கொள்வோம். அந்த 10 ரூபாய் அவருக்கு.

தனித்தனி மேட்சாக 16 முறை 100 ரூபாய் கட்டினால் போவது 1,600. சராசரியாக 8 முறை ஜெயித்து 1,520 வரும். நஷ்டம் 80 ரூபாய்.

அதையே 4 மேட்ச் 'மல்டி'யாக 16 முறை கட்டினால்? நாலும் சரியாக வருவது சராசரியாக ஒரே ஒரு முறைதான். அப்போது கிடைப்பது 1,303 ரூபாய். நஷ்டம் 297. மேட்சை கோர்க்க கோர்க்க அவரது பங்கும் சேர்ந்து ஏறுகிறது. இதிலும் 3 பேர் ஆடினால் அதில் ஒருவருக்கு 16 முறையும் ஒரு பைசா கூட வராது.

பழைய ரெக்கார்டு உதவாதா?

2025 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கத்தில் சென்னையை பெங்களூரு கடைசியாக ஜெயித்தது 2008-ல். அந்த 17 வருஷ ரெக்கார்டு மார்ச் 28-ந்தேதி உடைந்தது. சென்னைக்கு 50 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 5-ந்தேதி அங்கே டெல்லி ஜெயித்தது, 2010-க்கு பிறகு முதல் முறையாக. ஏப்ரல் 25-ந்தேதி ஐதராபாத்தும் சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக முதல் வெற்றியை பெற்றது. பழைய ஸ்கோரை பார்த்து இந்த மூன்றையும் சென்னை மேல் கோர்த்தவர் கதி என்ன? அந்த சீசனில் சென்னை கடைசி இடம்!

காரணம் எளிது. ஏலத்தில் ஆளே மாறிவிடுகிறார்கள். 2008-ல் ஆடிய டீமுக்கும் இன்றைய டீமுக்கும் பெரும்பாலும் பெயர்தான் ஒன்று. அதைவிட முக்கியம், நம்மிடம் உள்ள அதே ஸ்கோர் பந்தயம் நடத்துபவரிடமும் இருக்கிறது. அதை பார்த்துத்தான் அவர் ரேட்டே போடுகிறார். ஜெயிக்கிற டீம் என்று ஊருக்கே தெரிந்தால் அதற்கு ரேட் குறைந்துவிடும். ரெக்கார்டை படித்தவருக்கு தனி லாபம் எங்கே?

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்கு இந்த சட்டத்தில் தண்டனை இல்லை. அதனால் பயந்து மறைக்க வேண்டாம்.

ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். விட முடியாமல், கடனில் மனசு உடைந்து தவிப்பவர்கள் 14416-ல் இலவசமாக பேசலாம்.

வெயிலில் நின்று சம்பாதித்த கூலி அது. மேட்சை பாருங்க, கைதட்டுங்க. கூலியை வீட்டில் கொடுங்க!